மஞ்சள் வைத்த பார்க்கா

அந்த நவம்பர் மாதம் முழுக்க என் கணவர் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. வைத்தியர் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்த டெர்மின் இருந்தால் மட்டும் டாக்ஸியில் போவார், டாக்ஸியில் திரும்பி வருவார். மற்ற நேரமெல்லாம் சாரமும் கம்பளிச் சட்டையுமாக ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். கோடையில் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. நெஞ்சைத் திறந்து மூன்று அடைப்புகளுக்கு மாற்று வழி போட்டார்கள். பிறகு மூன்று வாரம் ரேஹாவில், அதாவது நோயாளியை மறுபடி நடமாடப் பழக்குகிற நிலையத்தில் இருந்தார். அங்கிருந்து வரும்போது கொடுத்த தாளில், மருந்துகளுக்குக் கீழே ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. தினமும் அரைமணி நேரம் வெளியே நடக்கவேண்டும். நடப்பதும் ஒரு மருந்துதான் என்று வைத்தியர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சொன்னார். நடக்காமல் இருந்தால் இருதயம் இன்னும் சோர்ந்துபோகும், அடுத்த தடவை தங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

செப்டெம்பரில் நடந்தார். ஒக்டோபரிலும் கொஞ்சம் நடந்தார். குளிர் இறங்கிய முதல் நாள், தெருமுனை வரை போனவர் பாதியில் திரும்பி வந்து கீழ்ப்படியில் குந்திவிட்டார். காற்று நெஞ்சுக்குள்ளே போய் அடைத்தது என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. மழை என்றார். இலை விழுந்து வழுக்குகிறது என்றார். இந்த வுப்பர்டால் நகரத்தில் மழைக்கும் வழுக்கலுக்கும் காத்திருந்தால் ஆயுளுக்கும் வீட்டுக்குள்ளேதான் இருக்கவேண்டும். கடைசியில் ஜக்கெட்டில் வந்து நின்றார்.

"உந்த ஜக்கெட்டோடை ஏலாது. தோள்மூட்டாலை தண்ணி இறங்குது. நனைஞ்சு காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது?"

"நடக்காமல் இருந்து செத்தா அதையும் நான்தானே பாக்கவேணும்," என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இது ஊரறிந்த விஷயம். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வழக்கமாக என் வாய்க்கு ஈடுகொடுக்கிற மனிதர் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜக்கெட்டைக் குறை சொன்னதில் பொய் இல்லை. பன்னிரண்டு குளிர்காலம் கண்டது. அதன் சிப் பாதியில் இறுகி நிற்கும். தோளில் துணி தேய்ந்து வெளுத்திருந்தது. அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தபோது, இவர் இதுவரை போட்ட ஜக்கெட்டுகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவள் நான்தான். இந்த மனிதருக்குச் சட்டை வாங்கத் தெரியாது. கடைக்குள் போனால் கைக்குக் கிட்ட இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

முதலாவது ஜக்கெட்டை நாங்கள் வாங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் பழைய உடுப்புகளைக் குவித்து வைத்து, எடுத்துப் போங்கள் என்றார்கள். குவியலுக்குள் தலையை விட்டுக் கிளறி நான் ஒரு கடும்பச்சை நிறப் பார்க்காவை இழுத்தெடுத்தேன். தொடை வரைக்கும் நீளம். தொப்பியின் விளிம்பில் பொய்ரோமம். அதன் சட்டைப்பையில் தாள் சுற்றிய பெப்பர்மிண்ட் ஒன்று இருந்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் சாப்பிடலாம் என்று வைத்திருந்து மறந்துபோயிருக்கிறார். இவர் அதைப் பிரித்து வாயில் போட்டுவிட்டார். ஆர் எவர் என்று தெரியாத மனிதரின் இனிப்பைத் தின்னலாமோ என்று நான் ஏசினேன். ஜக்கெட்டைப் போடலாம் என்றால் இனிப்பையும் தின்னலாம் என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் குளிர்காலத்தில் இருந்த நல்ல ஜக்கெட் அது ஒன்றுதான். இவர் விடியற்காலையில் பத்திரிகை போடப் போவார். ஆறு மணிக்குத் திரும்பி வருவார். ஆறரைக்கு நான் ஒரு பாடசாலையைத் துப்புரவு செய்யப் போகவேண்டும். வாசலில் அவர் கழற்றுவார், நான் போடுவேன். கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். ஆனால் உள்ளே அவருடைய உடம்புச் சூடு அப்படியே இருக்கும். பஸ் தரிப்பிடம் வரைக்கும் அந்தச் சூட்டில்தான் போவேன். என் உடம்பு அதற்குப் பிறகுதான் தன் சொந்தச் சூட்டைத் தேடிக்கொள்ளும். கஷ்டப்பட்ட காலம் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளிடம் அப்படித்தானே சொல்வது. உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் நான் இருந்த வருடங்களில் எதையாவது திருப்பித் தரலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் குளிர்காலத்தைத்தான் கேட்பேன்.

அந்த நாட்களில் இவருக்கு முதுகு என்றால் முதுகு. பத்திரிகை வண்டியை இழுத்து, பிறகு இரும்புத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி, ஒரு கதவை அடைக்கிற அகலத்துக்கு வந்துவிட்டது. ரயில் நிலையத்தில் ஆயிரம் பேர் நின்றாலும் பின்பக்கம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். மற்றப் பெண்கள் தங்கள் புருசன்மாரின் முகத்தைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இவருடைய முதுகுதான் முதலில் பிடித்தது. இதை இவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

ஹனோவரில் இருக்கிற எங்கள் மகளிடம் டெலிபோனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, இண்டைக்கே ஒன்லைனிலை ஓர்டர் பண்ணிவிடுறன். நாளையிண்டைக்கு வீட்டு வாசலிலை வரும்," என்றாள்.

"துணியைக் கையாலை பிடிச்சுப் பாக்காமல் நான் என்ரை வாழ்க்கையிலை ஒரு உடுப்பும் வாங்கேல்லை. நீ உன்ரை வேலையைப் பார்," என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை நகர மையமான எல்பர்ஃபெல்டுக்குப் போனேன். மலையேறுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் உடுப்பு விற்கிற ஒரு கடை அங்கே இருந்தது. என்னைக் கவனிக்க வந்தவர் என் வயதுப் பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. என்ன வேண்டும் என்று கேட்டார். ஆண்களுக்கான பார்க்கா வேண்டும், சூடாக இருக்கவேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது, பாரமாகவும் இருக்கக்கூடாது, போடுகிறவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்திருக்கிறது என்றேன். என் ஜெர்மன் இலக்கணம் நொண்டும், ஆனால் நடந்துவிடும்.

அவர் என்னைப் பத்துப் பன்னிரண்டு பார்க்காக்கள் தொங்கிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வாத்து இறகு வைத்தது, வேறு பஞ்சு வைத்தது என்று பிரித்துக் காட்டினார். வாத்து இறகு என்றால் சிறகில் இருக்கிற காம்பு இறகு இல்லையாம். நெஞ்சுப் பக்கத்தில் காம்பில்லாமல் பஞ்சு மாதிரி இருக்குமே, அதுவாம். அதற்கு இவர்கள் டவுனன் என்கிறார்கள். அதைவிடச் சூடானதும் இல்லை, பாரம் குறைந்ததும் இல்லை. ஆனால் நனைந்தால் கட்டிப்பட்டுச் சூடு விட்டுப்போகும். அதனால் மேல்துணி நல்லதாக இருக்கவேண்டும், தையல் ஓட்டைகளை உள்ளே நாடா ஒட்டி அடைத்திருக்கவேண்டும் என்று ஒன்றைப் புரட்டிக் காட்டினார். நான் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றுப் போகவில்லை. பிறகு கைப்பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைப்பகுதியில் ஊற்றிவிட்டேன்.

ஊற்றின பிறகுதான் கடை, ஆட்கள் எல்லாம் ஞாபகம் வந்தது. பெண்மணி என்னைப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் போத்தலை என் கையில் இருந்து வாங்கி, தோள் பக்கத்திலும் தொப்பியிலும் மிச்சத்தையும் ஊற்றினார்.

"இப்போது உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டார்.

திருப்தி என்றேன். கருநீலம். தொடை வரைக்கும் வருகிற நீளம். நாடி வரைக்கும் மூடுகிற கழுத்து. தூக்கிப் பார்த்தால் ஒரு தலையணைப் பாரம்கூட இல்லை.

"அளவு?" என்றார்.

பழைய ஜக்கெட்டின் கழுத்தில் இருந்த எண் எப்போதோ அழிந்துபோய்விட்டது. எங்கள் ஊரில், ஆளைக் கூட்டிக்கொண்டு போகாமல் சட்டை வாங்குவதென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கடையில் நிற்கிற ஆட்களில் அதே உடல்வாகு உள்ள ஒருவரைப் பிடித்து, அவருடைய முதுகில் வைத்துப் பார்ப்போம். யாரும் கோபிக்க மாட்டார்கள். தாங்களே வந்து முதுகைக் காட்டுகிற ஆட்களும் உண்டு. நான் அந்தக் கடையைச் சுற்றிப் பார்த்தேன். காலுறைகள் இருந்த பக்கம் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அச்சொட்டாக இவருடைய முதுகு. கழுத்துக்குக் கீழே அந்தச் சின்ன மேடுகூட அதே இடத்தில் இருந்தது.

கிட்டப் போய், "மன்னிக்கவேண்டும். உங்கள் முதுகு என் கணவருடையதைப் போல இருக்கிறது. இதை ஒரு நிமிடம் போட்டுக் காட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

திரும்பிய முகம் செம்பட்டைத் தாடியும் நீலக் கண்ணுமாக இருந்தது. அந்த மனிதர் ஒரு கணம் விழித்தார். பிறகு காலுறைகளை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார். பார்க்கா அவருக்குத் தைத்தது போல இருந்தது. திரும்புங்கள், கையைத் தூக்குங்கள், குனியுங்கள் என்றேன். எல்லாம் செய்தார். உங்கள் கணவர் அதிர்ஷ்டசாலி என்று சொல்லிவிட்டுக் காலுறைகளிடம் திரும்பிப் போனார். அளவு ஐம்பத்துநான்கு. நான் வாங்கிக்கொண்டு, வெற்றி பெற்றவள் போல வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அதைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். தமிழ் வீடுகளில் குளிர்காலத்துச் சட்டம் இது. கடுகு வெடிக்க முன்னர் வீட்டில் உள்ள எல்லா ஜக்கெட்டும் கதவுக்குப் பின்னால் போய்விடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு எங்கள் வீட்டுச் சமையல் என்னவென்று தெரிந்துவிடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, பார்க்காவைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் மடித்து வைத்து, குழைத்த மஞ்சளைப் பெருவிரலில் தொட்டு உள்விளிம்பில், துவைக்கும் முறை எழுதிய துண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் போடக் கொடுத்தால் எனக்கு மனம் ஆறாது. இவருக்கோ சுவாமி, சடங்கு என்றால் காத தூரம். நான் மஞ்சள் வைக்கிற நேரமெல்லாம், "இனி உந்தச் சட்டைக்கு ஒரு குறையும் வராது, கம்பனிக்காரனுக்குச் சொல்லிவிடும்," என்று நக்கல் அடிப்பார். அன்றைக்கு நக்கல் இல்லை. கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்புங்கோ. போட்டுப் பாருங்கோ," என்றேன்.

எழுந்து போட்டார். தோள்தையல் இரண்டும் மேற்கையில் வந்து விழுந்தன. கை விரல்கள் காணாமல் போயின. நான் சிப்பை இழுத்துப் பூட்டினேன். பூட்டின பிறகும் உள்ளே இன்னொரு ஆளை நிறுத்தலாம் போல இருந்தது. கழுத்துக்கும் கொலருக்கும் நடுவில் என் கை முழுசாகப் போகும் இடைவெளி. அவர் நடைவழிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஆருக்கு வாங்கினனீர்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்களுக்குத்தான். வேறை ஆருக்கு வாங்கிறது?"

"இது எனக்கில்லை," என்று கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் முழுக்க அலைந்து, முன்பின் தெரியாத மனிதனின் முதுகைக் கடன்கேட்டு வாங்கி வந்தால், இதுதான் மரியாதை. நடக்க மனமில்லாதவருக்குச் சொர்க்கத்தில் தைத்துக்கொண்டு வந்தாலும் அளவு பிழைக்கும் என்று சமையலறையில் பாத்திரங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், சின்ன அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. அதே பெண்மணிதான். பார்க்காவை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார். பெருவிரல் அளவு மஞ்சளில் வந்து நின்றார்.

"இது என்ன?"

"மஞ்சள்."

"சமைக்கும்போது பட்டதா?"

"இல்லை. நான்தான் வைத்தேன். போடுகிறவர் நீண்டகாலம் இருக்கவேண்டும் என்று புது உடுப்புக்கு நாங்கள் வைப்பது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு விளங்குகிறது," என்றார். "ஆனால் கறை பட்டதைத் திருப்பி எடுக்க எனக்கு அனுமதி இல்லை. நான் மறுபடி இதைத் தொங்கவிட முடியாது."

துவைத்துத் தருகிறேன் என்றுகூடக் கேட்க நினைத்தேன். மஞ்சள் துவைத்துப் போகிற சாமான் இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எவ்வளவு பெரிது என்று கேட்டார். தோள் எங்கே வந்தது, கை எங்கே வந்தது என்று என் உடம்பிலேயே காட்டினேன். அப்படியென்றால் அவருக்கு ஐம்பதோ, அதற்கும் குறைவோ என்று அவர் சொன்னார்.

"அவ்வளவு மெலிந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

"மெலிந்துவிட்டார்," என்றேன்.

அதை அன்றுதான் முதல்தடவை வாயால் சொன்னேன். அதுவும் ஜெர்மனில், முன்பின் தெரியாத ஒருத்திக்கு. அவர் பார்க்காவின் உள்ளே இடுப்புப் பக்கத்தில் ஒளிந்திருந்த நாடாவை இழுத்துக் காட்டினார். மணிக்கட்டில் இறுக்குகிற பட்டியைக் காட்டினார். உள்ளே தடித்த கம்பளிச் சட்டை போடச் சொல்லுங்கள், இறகு நசியாமல் இருந்தால்தான் சூடு, கொஞ்சம் பெரிதாக இருப்பது குற்றமில்லை என்றார். பிறகு அவரே அழகாக மடித்துப் பைக்குள் வைத்துத் தந்தார்.

ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடுகிற தொங்கு ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கீழே ஆறு மழைத் தண்ணீரில் கலங்கி ஓடியது. தினமும் பார்க்கிற மனிதர், நான்தான் சமைத்துப் போடுகிறேன், நான்தான் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். சாரத்துக்கு அளவு கிடையாது. எந்த இடுப்பிலும் நிற்கும். மெலிய மெலிய இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகினால் போதும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளில் இருந்து வீட்டில் அவரைச் சாரத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நான் பார்க்க விரும்பவில்லை. அந்தக் கடையில் நான் ஜக்கெட் வாங்கவில்லை, பழைய முதுகை வாங்கப் போயிருக்கிறேன். எனக்கு ரயிலிலேயே அழுகை வந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பையைப் பார்த்தார்.

"எங்கை போட்டு வாறீர்?"

"கடைக்கு. உதைத் திருப்பிக் குடுக்கப் போனனான். எடுக்கமாட்டினமாம்."

"ஏனாம்?"

"நான் மஞ்சள் வைச்சிட்டன். கறையாம்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முப்பது வருடமாக என் மஞ்சளைப் பகிடி பண்ணினவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் அவருடைய முகம் மாறிவிட்டது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மஞ்சள் வைச்ச உடுப்பைத் திருப்பிக் குடுக்கவோ கொண்டு போனனீர்?"

"அளவு பெரிசெண்டு..."

"என்ரை பேரிலை மஞ்சள் வைச்சனீர். பிறகு அதைக் கொண்டுபோய் வேறை ஆருக்கும் எண்டு குடுக்கிறதோ? அதுக்கு என்ன அர்த்தம்?"

சுவாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர். நான் அப்போதுதான் கண்டேன். இவருக்குப் பயம். மழையும் இல்லை, வழுக்கலும் இல்லை, ஜக்கெட்டும் இல்லை. இத்தனை வாரமும் என் வாய் அவரைச் சோம்பல் என்று ஏசிக்கொண்டிருந்தது. அவர் பயத்தைத் தனியே வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்.

"கொண்டாரும் இஞ்சை," என்று கையை நீட்டினார்.

கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டார். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டு பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் பூட்டினார். நான் பார்க்காவை மாட்டிவிட்டு, நாடாவை இழுத்து இறுக்கினேன், மணிக்கட்டுப் பட்டியைச் சுற்றினேன். இன்னும் பெரிதுதான். ஆனால் பேசாமல் இருந்தேன். அது எனக்குச் சிரமமான வேலை.

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். நான் தனியப் போட்டு வாறன்."

மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். சாரல் மழை. மேலிருந்து பார்க்கும்போது அவர் தெரியவில்லை, தொப்பி போட்ட கருநீலப் பார்க்கா ஒன்றுதான் மெதுவாக நகர்ந்தது. தெருமுனைக்குப் போய், அங்கே கீழ்த்தெருவுக்கு இறங்குகிற படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிற்கிறது, நிற்கிறது, அசையக் காணோம். ஓடிப்போகச் செருப்பைக்கூடத் தேடிவிட்டேன். பிறகு கம்பியை விட்டுவிட்டு வலது பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். பேக்கரியைத் தாண்டினார். அதற்கப்பால் எனக்குத் தெரியாது.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசி போட மறந்தேன். இருபத்தைந்து நிமிடம், முப்பது நிமிடம், முப்பத்தெட்டு நிமிடம். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் காலடிச் சத்தம் நின்று நின்று வந்தது. மணி அடிக்க முன்னரே கதவைத் திறந்துவிட்டேன்.

மூக்கு சிவந்திருந்தது. பார்க்காவில் இருந்து தண்ணீர் உருண்டு கால்மிதியில் விழுந்தது. நான் கொலருக்குள் கையை விட்டு, தோளை, முதுகைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. நல்ல சூடும் இருந்தது. எலும்பும் கைக்கு வந்தது.

"நனையேல்லை," என்றேன்.

"இல்லை. நல்ல சாமான்," என்று சப்பாத்துப் போடுகிற வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். நான் முழங்காலிட்டுச் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். என் தலைக்கு மேலே இருந்து அவருடைய குரல் வந்தது.

"தெரு முடக்கிலை நிண்டு திரும்பி வந்திடுவம் எண்டுதான் நினைச்சனான். பயமாக் கிடந்தது."

முப்பத்துமூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து நான் கேட்டதில்லை. குண்டு விழுந்த ஊரில் இருந்து வரும்போதும் கேட்டதில்லை, நெஞ்சைத் திறக்கப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போதும் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து பார்க்காமல் கயிற்றையே பிடித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நிறுத்திவிடுவார்.

"சாகிறதுக்கில்லை," என்றார். "ரோட்டிலை விழுந்து கிடந்தா, ஒரு பொலிஸ்காரன் வந்து பெல் அடிச்சு உமக்குச் சொல்லவேணும். நீர் தனிய வாசல்லை நிண்டு அதை டொச்சுப் பாஷையிலை கேட்கவேணும். ஒவ்வொரு நாளும் வெளிக்கிட நினைக்கேக்கை அதுதான் கண்ணிலை வரும்."

அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஈரச் சப்பாத்து என் சேலையை நனைத்தது. அவர் என் தலையில் கையை வைத்தார். பார்க்காவின் கை நீளமாக இருந்தபடியால் துணிதான் முதலில் பட்டது, பிறகு விரல்.

"அப்ப நாளைக்கு நானும் வாறன்," என்றேன் கடைசியாக. வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம்," என்றார். "நீர் வந்தாத்தான் நான் போவன்."